கீறல் படாத செவெல்

அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்து வெண்டல் க்ருப்கா, தன் 1970-ஆம் வருடத்துச் செவெல் காருக்குக் குளிர்காலந்தோறும் ஒரு பூச்சு சிவப்பு வண்ணம் அடித்து வந்தார். பூச்சு ஏற ஏற, கார் இரண்டு பக்கமும் சதை போட்டுவிட்டது. அவர் கவனிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை ஊரே திரும்பிப் பார்க்க உறுமிவிட்டு வந்து, காரைக் கராஜுக்குள் நுழைத்தார். அதோடு பெட்ரோலும் தீர்ந்தது. கதவைத் திறந்தால் சுவர் இடித்தது. ஜன்னல் வழியே இறங்கவும் இடுக்கு போதவில்லை. மனிதர் உள்ளேயே மாட்டிக்கொண்டார்.

மனைவி ஆர்லீன் காருக்குப் பின்னால் வந்து நின்றாள். "ஏன்யா, கயிறு கட்டி இழுக்கட்டுமா?"

"ஐயோ, பம்பர்ல கீறல் விழும்டி!"

"பின் கண்ணாடிய உடைச்சிரவா?"

"அது கம்பெனியில போட்ட அசல் கண்ணாடி. உனக்கு ஈவு இரக்கமே இல்லையா?"

"அப்ப அங்கயே கிட."

தூண்டில் கழியில் ஹாட் டாக்கை மாட்டி, ஜன்னல் வழியே நீட்டிச் சோறு போட்டாள். ஒரு வாரத்தில் கழி பிடித்த கை வலித்தது. சம்மட்டியைத் தூக்கினாள்.

"சுவரை இடிக்கப்போறேன்."

"தாராளமா இடி. காருக்கு மட்டும் போர்வை போட்டுரு."

போர்த்திவிட்டு இடித்தாள். கராஜ் விழுந்தது. அதில் சாய்ந்திருந்த வீடும் கூடவே விழுந்தது. காரில் ஒரு கீறல் இல்லை. கதவு அழகாகத் திறந்தது. வெளியே வந்து போவதற்குத்தான் வீடு இல்லை.

இப்போது இருவரும் காரில்தான் குடியிருக்கிறார்கள். முதல் நாள் ஆர்லீன் ஏற வந்தபோது வெண்டல் கையை நீட்டித் தடுத்தார்.

"இடுப்பு பெல்ட்டக் கழட்டிட்டு ஏறு. கொக்கி பட்டா பெயின்ட் போயிரும்."