இறங்காத கை

ஜெர்மனியின் ஒரு மாநிலச் சட்டசபையில் வாக்களிப்பதற்காகச் சண்முகராசா உயர்த்திய வலது கை பிறகு இறங்கவேயில்லை. அகதியாகப் போய், உணவகத்தில் கோப்பை கழுவி, மொழி படித்து, நகரசபைக்கும் பின்னர் சட்டசபைக்கும் தெரிவானவர். தஞ்சம் மறுக்கப்பட்டவர்களைத் திருப்பி அனுப்புவதற்கு இருந்த தடையை நீக்கும் தீர்மானம் அன்று வந்தது. கட்சி உயர்த்தச் சொன்னது, உயர்த்தினார். அந்த மாதமே அவருடைய மனைவி சிவமலரின் தம்பி முகுந்தை விமானத்தில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே அவனை யார் யார் விசாரித்தார்கள் என்பதை அவன் ஒருவருக்கும் சொன்னதில்லை. கையைப் பார்த்த வைத்தியர்கள் எலும்பில் குறையில்லை என்றார்கள். கட்சிக்கு அது வசதியாகப் போயிற்று. எந்தத் தீர்மானம் வந்தாலும் சபாநாயகர் அவரை ஆதரவுப் பக்கம் எண்ணிக்கொண்டார். இவ்வளவு நம்பகமான ஆளை எந்தக் கட்சி விடும்? மறுபடியும் மறுபடியும் தேர்தலில் நிறுத்தினார்கள், அவரும் வென்றார். சிவமலர் சட்டைகளின் தோளைப் பிரித்துப் பொத்தான் வைத்துக் கொடுத்தாள். கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வேறெதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை.

ஓய்வு பெற்றதும் இருவரும் லண்டனுக்கு, சட்டனில் இருந்த மகள் வீட்டுக்கு வந்தார்கள். அவர் தெருவோரம் நின்றால் வருகிற பஸ்ஸெல்லாம் நின்றது. முதலில் சாரதிகளிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு அலுத்துப்போய், ஏறி அடுத்த தரிப்பில் இறங்கப் பழகினார். ஆர்ச்வே முருகன் கோயிலில் பெரிய பக்திமான் என்று வழிவிட்டார்கள். மனிதருக்கு வெட்கமாக இருந்தது.

முகுந்த் பல நாடு அலைந்து, கடைசியில் லண்டனிலேயே மனோர் பார்க் என்ற பகுதியில் வந்து குடியிருந்தான். அக்காவுக்கு ஒருநாளும் போன் எடுத்ததில்லை.

“நீங்கள் போய் மன்னிப்புக் கேளுங்கோ,” என்றாள் சிவமலர். “அவன் என்னோட கதைக்காமல் நான் சாகக்கூடாது.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை தூறலில் நனைந்துகொண்டு போனார். கதவைத் திறந்த முகுந்த் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான். அது இன்னும் வாக்களித்துக்கொண்டிருந்தது.

“பிழை என்னிலதான், முகுந்த்.”

“இறக்க ஏலாதோ?”

“ஏலாது.”

“அக்கா?”

“சட்டனில. உன்ர போன் வருமெண்டு பார்த்துக்கொண்டு இருக்கிறா.”

முகுந்துக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அதைச் சுமந்து சுமந்து அவனும் களைத்திருந்தான். கதவை அகலத் திறந்தான்.

“கை நிலையில இடிக்கும், அத்தான். குனிஞ்சு வாங்கோ.”

சண்முகராசா நன்றாகக் குனிந்து உள்ளே போனார்.