மரத்தொட்டியில் ஊறிய சைலன்சர்

1

இந்தக் கதை வினிகர் நாற்றத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நாயகன் ஆர்வோ, ஓய்வுபெற்ற தபால்காரன். [தபால்காரன் வேண்டாம், அது நான் பார்த்த வேலை. பஸ் ஓட்டுநர் ஆகட்டும்.] சனிக்கிழமைகளில் கிளப்பில் குறிபார்த்துச் சுடுவான். துப்பாக்கி முனையில் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் இருக்கும். எங்கள் பின்லாந்துக் கிராமத்தில் அது இல்லாமல் சுடுகிறவனைத்தான் அக்கம்பக்கத்தார் திட்டுவார்கள்.

2

முதல் தொடக்கம்: 'சைலன்சரின் எஃகுத் தகடுகளில் ஈயம் படிந்திருப்பதைக் கண்டு ஆர்வோ திகைத்து…' பொய். அவன் திகைக்கவில்லை. எத்தனையோ மாதமாகச் சுத்தம் செய்யாதது அவனுக்குத் தெரியும்.

இரண்டாம் தொடக்கம்: தோட்டா விட்டுச்சென்ற ஈயம் சட்டியில் தீய்ந்த பால் மாதிரி அப்பியிருந்தது. உலர்வாகச் சுரண்டினால் தூசி மூக்கில் ஏறும். அதனால் வினிகரையும் பெராக்சைடையும் கலந்து ஊறவைக்க முடிவு செய்தான். எங்கே?

"உன் துப்பாக்கிச் சாமான் ஒண்ணும் என் சமையலறைக்குள்ள வரக்கூடாது," என்பது மனைவி சிர்க்காவின் சட்டம். அவன் கீழ்ப்படிந்தான். நேராக நீராவிக் குளியலறையான சவுனாவுக்குப் போய், ஆணியில் தொங்கிய மரத்தொட்டியை இறக்கினான். மகளைக் குளிப்பாட்டிய தொட்டி அது. இன்று நாலு மணிக்கு வரும் பேரனுக்கு முதல் சவுனாக் குளியலும் அதில்தான் என்று சிர்க்கா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

(இதை அவன் எப்படி மறந்தான் என்று கேட்காதீர்கள். மறந்தான், அவ்வளவுதான்.)

3

ராத்திரி முழுக்க ஊறியதில், காலையில் தகடுகள் பளபளத்தன. பெருமை தாங்காமல் கிளப் நண்பன் உர்போவுக்குப் போன் செய்தான்.

"பளபளன்னு ஆயிடுச்சா? சரி, ஈயம் எங்க போச்சு?"

"எங்க போச்சு?"

"அந்தத் தண்ணியிலதான்யா. பாக்க சுத்தமா இருக்கும், அத்தனையும் விஷம். தோல் வழியாவே உள்ள போயிடும். கையுறை போட்டியா?"

"போட்டேன்."

"அந்த மட்டும் புத்தி இருக்கே. பிளாஸ்டிக் டப்பாலதானே ஊறவச்ச?"

"மரத்தொட்டி."

"மரம் குடிச்சிருக்கும்பா. எத்தனை தடவை கழுவினாலும் நம்ப முடியாது. தண்ணிய சாக்கடையில கொட்டிடாத. கேன்ல மூடி, மேல எழுதி, அபாயக் கழிவு வாங்குற இடத்துல குடு. தொட்டியையும் குடு. அப்புறம் சிர்க்காகிட்ட சொல்லு."

"முதல் ரெண்டும் செஞ்சுடலாம்."

4

முடிவு அ: ஆர்வோ புதுத் தொட்டி வாங்கித் தேநீர் பூசிப் பழசாக்குகிறான். நடக்காது. அந்த மரத்தின் ஒவ்வொரு முடிச்சும் சிர்க்காவுக்குத் தெரியும்.

முடிவு ஆ: தொட்டி விழுந்து உடைந்தது என்கிறான். குழந்தைக்கு ஆபத்தில்லை, ஆனால் ஆர்வோ ஆயுசுக்கும் அந்தப் பொய்யோடு சவுனாவில் உட்கார வேண்டும்.

முடிவு இ: "சிர்க்கா, ஒரு விஷயம் சொல்லணும், நான் வந்து…"

[மூன்று முறை எழுதினேன். இதற்குமேல் வரவில்லை.]

5

நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். அவன் பெயரை மாற்றினேன், அவள் பெயரை மாற்ற மறந்துவிட்டேன். ஆர்வோ நான்தான். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தொட்டியையும் கேனையும் இறுகக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டேன். சவுனாத் தரையை ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தாயிற்று. பேரனுக்குச் சமையலறையின் பெரிய பாத்திரம் போதும், அதற்குள் என் சாமான் எதுவும் போனதில்லை.

நான் எழுதுவதையெல்லாம் முதலில் படித்துத் திருத்துகிறவள் சிர்க்கா. மூன்று மணிக்குத் தொட்டியை எடுக்க இந்தச் சவுனாவுக்கு வருவாள். அது தொங்கிய ஆணியில் இந்தத் தாள்களைக் குத்தி, பக்கத்தில் அவளுடைய சிவப்புப் பென்சிலையும் கட்டிவிட்டேன்.

நான் வெளியே விறகு பிளந்துகொண்டிருக்கிறேன், சிர்க்கா. ஆறாம் பகுதி உன்னுடையது.

6