சலவைக்கு முன்

ஆய்வுக்கூடத்தில் அவளைத் தீக்குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லியான உடம்பு, சட்டென்று பற்றிக்கொள்ளும் கோபம், போதாக்குறைக்குப் பார்க்கிற வேலையும் துணிக்குத் தீ வைப்பது. மழை புகாத துணி, வியர்வையை உறிஞ்சுகிற துணி, வெயில் தாங்குகிற துணி என்று பெயர் சொல்லிக்கொண்டு வருகிறவை எல்லாம் அந்தக் கட்டடத்துக்குள் வந்து தங்கள் யோக்கியதையை நிரூபித்தாக வேண்டும். ஒரு அறையில் துணிமேல் தண்ணீரை ஏற்றி அழுத்துவார்கள். இன்னொரு அறையில் இயந்திரம் ஆயிரக்கணக்கான தடவை தேய்க்கும். தீக்குச்சியின் அறையில் நெருப்பு. பதினோரு வருஷமாக எரித்துக்கொண்டிருக்கிறாள், ஒரு தடவைகூட விரலைச் சுட்டுக்கொண்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பியின் வேலை உடுப்பில் பிய்ந்துபோன பையைத் தைத்துக்கொண்டிருந்தாள். தம்பிக்கு வார்ப்பாலையில் வேலை. உருகிய இரும்பை அச்சில் ஊற்றுகிற இடத்தில் நிற்கிறவன். அந்த நீல உடுப்பு தீப்பற்றாத துணியில் தைத்தது என்று சொல்லித்தான் ஆலையில் கொடுத்திருந்தார்கள். பாதித் தையலில் அவள் விரல் நின்றுவிட்டது. துணி பழைய தலையணை உறைபோல மெத்தென்று இருந்தது. தீயைத் தடுக்க மருந்து ஏற்றிய துணி இப்படிக் குழைந்து போகாது என்று அவள் கைக்குத் தெரியும்.

"இதை எதுல ஊறவைக்கிற?" என்று தம்பி மனைவியைக் கேட்டாள்.

"சோப்புத்தூள்லதான் அண்ணி. கரி போகலன்னா கொஞ்சம் ப்ளீச் போடுவேன். ஏன், சரியா போகலையா?"

நல்லா போயிருக்கிறது, கரியோடு சேர்ந்து மருந்தும் போயிருக்கிறது என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். ஏழு மாதக் கர்ப்பிணியிடம் எதைச் சொல்வது? கால் முனையின் உள்மடிப்பைப் பிரித்து, நான்கு விரல் அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஆய்வுக்கூடத்தின் குளிர் அறையில் ஒரு நாள் முழுக்க அதை விரித்து வைத்தாள், விதிமுறை அப்படி. மறுநாள் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பார்த்துச் சட்டத்தில் மாட்டினாள். பத்து விநாடி சுடரைக் காட்டிவிட்டு விலக்கினாள். நல்ல துணி என்றால் சுடர் விலகியதும் கரியாகி அடங்கிவிடும். இது அடங்கவில்லை. தீ விறுவிறுவென்று மேலே ஏறி, கவ்வியிருந்த கிளிப்வரை தின்றுவிட்டுத்தான் ஓய்ந்தது. கடிகாரத்தை நிறுத்தக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

புகை வாசனைக்கு மேலாளர் வந்துவிட்டார்.

"யாரோட சாம்பிள் இது?"

"என் தம்பி போடற துணி சார். ஒரு வருஷம் துவைச்சது."

"ஜாப் நம்பர்?"

"இல்ல."

"ஜாப் நம்பர் இல்லன்னா நம்ம கணக்குல இந்தத் துணி எரியவே இல்லம்மா."

கெட்ட மனிதர் இல்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே போய்ப் பழைய கோப்பைத் தேடி எடுத்துவந்தார். தம்பியின் ஆலை அனுப்பியது, அதே நெசவு, அதே நீலம். போன வருஷம் இங்கேதான் வந்திருக்கிறது. 'சலவைக்கு முன்' என்ற கட்டத்தில் டிக். 'ஐம்பது சலவைக்குப் பின்' என்ற கட்டம் காலி. முடிவு: தேறியது. கீழே தீக்குச்சியின் கையெழுத்து.

"நாம தப்பா ஒண்ணும் எழுதலையே. கேட்டதுக்குப் பதில் சொன்னோம்" என்றார் மேலாளர்.

"கேக்காததை யாரு சார் சொல்றது?"

அவர் கோப்பை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் அவள் தம்பியை மாடிப்படிக்கு இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். "கால் மடிப்புதானேக்கா எரிஞ்சுது, நான் எரியலையே" என்றான். அவள் முறைத்த முறைப்பில் சிரிப்பு அடங்கியது.

"நாளைக்கு அதைப் போடாத."

"போடலன்னா வாசல்லயே நிறுத்திடுவாங்க."

"லீவு போடு."

"எத்தன நாளைக்கு? பிள்ளை பொறக்கப் போற நேரத்துல வேலையை விட்டுட்டு உக்காரச் சொல்றியா?"

மறுநாள் அவன் பாதுகாப்பு அதிகாரியிடம் போய்ச் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஆய்வறிக்கையைக் காட்டினாராம். "உன் கையெழுத்து சூப்பரா இருக்குக்கா" என்று வீட்டுக்கு வந்து சொன்னான். கேலிக்குத்தான் சொன்னான், ஆனாலும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

விடுவாளா? அந்த அதிகாரியைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"நீங்க எரிச்சுப் பாத்த துண்டு இருக்காம்மா?"

"எரிஞ்சுபோச்சு சார். சோதனைன்னா அப்படித்தான்."

"அப்போ நான் மேலிடத்துக்கு எதைக் காட்டுறது? உடுப்பை வெட்டினதுக்கு உங்க தம்பிக்கு எச்சரிக்கைக் கடிதம் போகுது. இன்னொரு தடவை வெட்டினா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

சோதிக்காமல் நம்பமாட்டார்கள், சோதிக்க வேண்டுமென்றால் வெட்ட வேண்டும், வெட்டினால் குற்றம். இதென்ன கொடுமை! அவள் கோபத்தை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கெஞ்சினாள். "நீங்களே முறைப்படி அனுப்புங்க சார். கை எடுத்துக் கும்பிடுறேன்." அந்தக் கெஞ்சலுக்கு மனிதர் இளகினார். அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

இதற்கிடையில் தம்பி சொன்னது ஊற்றுமேடையில் பரவியிருந்தது. யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாத ஆட்கள், எரிக்கிற அக்கா சொன்னாள் என்றதும் பயந்துவிட்டார்கள். கிடங்கில் கிடந்த பழைய தோல் ஏப்ரன்களைத் தூசி தட்டி மேலே கட்டிக்கொண்டார்கள். ஏப்ரன் கனம், வேலை மந்தம், மேற்பார்வையாளருக்கு எரிச்சல். தீக்குச்சிக்கு மட்டும் அந்தப் பத்து நாளும் கொஞ்சம் தூக்கம் வந்தது.

பதினோராம் நாள் பொட்டலம் வந்தது. ஜாப் நம்பரோடு, முத்திரையோடு. அவள் அவசரமாகப் பிரித்தாள். உள்ளே மடிப்புக் கலையாத புத்தம் புதுத் துணி. படிவத்தில் டிக், 'சலவைக்கு முன்'.

தலையில் அடித்துக்கொண்டு அதிகாரிக்குப் போன் போட்டாள். "பழசை அனுப்பச் சொன்னேனே சார்!"

"லேபுக்குப் போய் யாராவது கரி புடிச்ச அழுக்குத் துணியை அனுப்புவாங்களாம்மா? மரியாதையா இருக்காது. அதான் ரோல்லயிருந்து புதுசா வெட்டச் சொன்னேன். படிவத்துல எந்தக் கட்டம்னு தெரியல, போன தடவை போட்டதையே போட்டேன்."

பழசை அனுப்பவோ கட்டத்தை மாற்றவோ மேலிடத்தில் மறுபடி அனுமதி வாங்க வேண்டும், இனித் தரமாட்டார்கள் என்றார். அந்த மனிதரைத் திட்டக்கூட முடியவில்லை. மேலாளரிடம் ஓடினாள். துவைத்துவிட்டுச் சோதிக்கட்டுமா என்று கேட்டாள். கேட்காத சோதனையைச் செய்தால் நம் அங்கீகாரமே போய்விடும் என்றார். அறிக்கையின் கடைசியில் 'துவைத்த துணிக்கு இது பொருந்தாது' என்று ஒரு வரியாவது சேர்க்கிறேன் என்றாள். "சலவைக்கு முன்னு மேலயே போட்டிருக்கேம்மா, படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு அது போதும்" என்றார். அது அவர்களுக்குப் போதவில்லை என்பதற்குத்தானே இவ்வளவு பாடு! சொன்னாள். கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

துணியை மாட்டினாள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு துணி பற்றி எரிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். பத்து விநாடி. சுடரை விலக்கியதுதான் தாமதம், தீ அந்த இடத்திலேயே செத்தது. ஐந்து துண்டு மாட்டினாள், ஐந்தும் அப்படித்தான். அவள் பார்த்த துணிகளிலேயே முதல் தரம். கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேனாவை மூடினாள். எதைச் சொல்லி மறுப்பது? எழுதியிருந்த ஒவ்வொரு எண்ணும் அவள் கண்ணால் பார்த்த உண்மை. பேனாவைத் திறந்து போட்டுவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, இடைவேளையில் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, ரிப்போர்ட் வந்துடுச்சு. வாசல்ல ஒட்டிட்டாங்க."

"அது புதுத் துணிக்குடா. நான்தான் சொன்னேனே உனக்கு."

"எனக்குத் தெரியும். இவங்ககிட்டயும் சொல்லிப் பாத்தேன். ரெண்டாவது தடவையும் உங்க அக்காவே தேறிச்சுன்னு எழுதியிருக்கா, அப்புறம் என்னடாங்கிறாங்க. தோல் ஏப்ரனையெல்லாம் வாங்கிப் பூட்டிட்டாரு சூப்பர்வைசர்."

"நீ மட்டுமாவது கொஞ்சம் தள்ளி நில்லு. சொன்னாக் கேளு."

"எப்படிக்கா? அவங்க எல்லாம் உன் கையெழுத்தை நம்பி முன்னால நிக்கிறாங்க. உன் தம்பி நான் பின்னால போய் நின்னா நல்லாவா இருக்கு?" பின்னணியில் மணி அடித்தது. "சரிக்கா, ஊத்தப் போறாங்க. வைக்கிறேன்."

"டேய், இருடா" என்றாள் அவள். அவன் அதற்குள் வைத்துவிட்டான்.