மடிப்பு வெட்டாத கவிதைகள்

தமிழ்மாறனின் பெரியப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அவர் பெட்டியில் கிடந்த பழைய பிரெஞ்சுப் புத்தகம் கண்ணில் பட்டதுதான் வினை. அதன் தாள்களின் ஓர மடிப்பை யாரும் வெட்டவே இல்லை; உள்பக்கங்கள் மூடியே கிடந்தன. படிக்கிறவர்தான் கத்தியால் கீறிப் படிக்கவேண்டுமாம். தன் கவிதைகளும் அப்படித்தான் வரவேண்டும் என்று தமிழ்மாறன் ஒற்றைக்காலில் நின்றார்.

கவிதைகள் அச்சான கைவினைத் தாள்களை மடித்து, நூலால் தைத்து, அட்டை ஒட்டியவர் பைண்டர் ஹாஜா.

“மடிப்ப வெட்டிக் குடுத்துடட்டுமா சார்?”

“வேணாம் பாய். படிக்கணும்னு ஆச இருக்கறவன் வெட்டிப்பான்.”

அந்த ஆசைக்காகப் பிரதிக்கு ஒரு மரக்கத்தியும் இலவசம்.

வெளியீட்டு விழாவில் கீழே இருந்தவர்களைவிட மேடையில் இருந்தவர்கள் அதிகம். ஆளாளுக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். மறுவாரமே, மேடையில் இருந்த நண்பர் கோவிந்தசாமி போன் செய்தார்: “ஒன்பதாவது கவிதையில அழுதுட்டேன்யா!” தமிழ்மாறனுக்குத் தலைகால் புரியவில்லை. தன்னை நாலு பேர் படிக்கவேண்டும், அவருக்கு வேறு ஆசையே கிடையாது.

அதில் மண்ணைப் போட்டார் லாஸ்பேட்டை கொளஞ்சி, ஓய்வுபெற்ற பேராசிரியர். ‘தாள் அருமை. ஒன்பதாவது கவிதைக்கு அந்தத் தாளை வீணாக்கியிருக்க வேண்டாம்’ என்று ஒரு சிற்றிதழில் எழுதிவிட்டார்.

கொளஞ்சியிடம் சாட்சி சொல்லக் கோவிந்தசாமியை அழைத்துப்போகலாம் என்று தமிழ்மாறன் அவர் வீட்டுக்கு ஓடினார். ஷோகேஸில் புத்தகம் பளபளத்தது. எடுத்துப் பார்த்தார். ஒரு மடிப்புகூட வெட்டப்படவில்லை. மரக்கத்தி ஜாம் பாட்டிலில் நின்றது.

“எந்த வரியில அழுதீங்க?”

“எல்லா வரியிலயும்தான்!”

அடுத்து, மேடையில் புகழ்ந்து பேசிய கமலக்கண்ணன் வீடு. அங்கே புத்தகம் பூஜை அலமாரியில் சந்தனப் பொட்டோடு இருந்தது. “தெனம் கும்பிட்டுட்டுதான் வெளிய போறேன்” என்றார் அவர். சாமியைப் பிரித்துப் படிப்பார்களா என்ன!

புகழ்ந்தவனே படிக்கவில்லை என்றால் திட்டியவன் மட்டும் படித்திருப்பானா? கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று தமிழ்மாறன் ஸ்கூட்டரை லாஸ்பேட்டைக்கு விரட்டினார்.

“எங்க சார் என் புத்தகம்?”

கொளஞ்சி எடுத்து நீட்டினார். முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை எல்லா மடிப்பும் வெட்டியிருந்தது. ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல். ஒன்பதாவது கவிதையின் மேல் ஒரு பழுப்புக் கறை.

“ஒங்க மரக்கத்தி ஒண்ணுத்துக்கும் ஆவல. காய் நறுக்கற கத்தியால வெட்டுனேன், வெரல அறுத்துடுச்சி. ரத்தம் சிந்திப் படிச்சா, கவித இப்படி இருக்குது. கோவம் வருமா வராதா?”

தமிழ்மாறன் வெளியே போனார். ஸ்கூட்டர் டிக்கியில் விழாவன்று போட்ட பொன்னாடை இருந்தது. கொண்டுவந்து கொளஞ்சிக்குப் போர்த்தினார்.

“எதுக்குய்யா இது?”

“மத்த கவிதைங்களையும் கொஞ்சம் திட்டுங்க சார்” என்றார் தமிழ்மாறன். அவருக்கு அழுகை வந்துவிட்டது.