கணக்கில் வராத கூடை

காலையில் என் தம்பி இயாத் அடுப்படியில் சுருண்டு விழுந்தான். காப்பி பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. நான் ஓடிப்போய் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது. கண்ணைத் திறந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அம்மா பாத்துட்டாளா?"

"அம்மா மாதா கோயிலுக்குப் போயிருக்கா. எந்திரிக்காத, டாக்டரக் கூப்பிடறேன்."

போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். "சொன்னா இன்னிக்கி என்னை ஆட விடமாட்டாங்க. ஜோர்டான ஜெயிச்சா நம்ம நாடு உலகக் கோப்பைக்குப் போகும், ரிந்தலா! யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்னு அம்மா உயிர் மேல சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன். எங்கள் அப்பா இப்படித்தான் ஒருநாள், கரண்ட் இல்லாமல் லிஃப்ட் நின்றுபோன ஒருநாள், மாடிப்படியில் பாதியில் சரிந்தார். நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் சத்தியம் பண்ணினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சாயங்காலம் ஸூக் கூடைப்பந்து அரங்கத்தில், ஆடுகளத்தை ஒட்டிய மேசையில் என் இடத்தில் உட்கார்ந்தேன். என் வேலை பந்தைப் பார்ப்பது. யார் எறிந்தார், யார் தவறவிட்டார், யார் பிடித்தார் என்று வாயால் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் நிஷான் அதை லேப்டாப்பில் தட்டுவான். பெயர் சொல்லக் கூடாது, எண் மட்டும்தான். கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது. வீட்டில் வாய் ஓயாத எனக்கு இது சரியான தண்டனை. பந்தைவிட்டுக் கண்ணை எடுத்தால் ஒரு ரீபவுண்ட், அதாவது வளையத்தில் பட்டுத் திரும்பின பந்தை யார் பிடித்தார் என்பது, விட்டுப்போகும், அப்புறம் உலகமே நம்மைத் திட்டும்.

எனக்கு இடப்பக்கம் அபூ ரோனி, கடிகாரக்காரர். ஆட்டத்தை நிறுத்தும் ஹார்ன் பொத்தான் அவர் கைக்குப் பக்கத்தில் இருக்கும். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு, "என்ன மகளே, பேயறைஞ்ச மாதிரி இருக்க? ஜோர்டான்காரன் எவனையாவது காதலிக்கிறியா?" என்றார்.

"அவங்களாவது என்னைக் கட்டிப்பாங்க. உங்க மகன் ரோனியும் இருக்கானே, தண்டம்!" என்றேன். சிரித்தார்.

ஆட்டம் தொடங்கியது. "வெள்ளை பதினொண்ணு, மூணு பாயிண்ட், போச்சு. வெள்ளை பதினொண்ணு, ரீபவுண்ட்." வெள்ளைச் சட்டை, எண் பதினொன்று, என் தம்பி. அதற்கப்புறம் அவன் எறிந்ததெல்லாம் கூடையில் விழுந்தது. அரங்கம் முரசடித்துக் குதித்தது.

"உன் தம்பி இன்னிக்கி என்னத்தத் தின்னுட்டு வந்தான்? எனக்கும் அதுல ரெண்டு வாங்கிட்டு வா," என்றான் நிஷான்.

அவன் ஒன்றுமே தின்னவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பாதி ஆட்டத்தில் புள்ளிவிவரத் தாளை நானே பிடுங்கிக்கொண்டு கோச் வெஹ்பேயிடம் ஓடினேன். மேசைக்காரர்கள் அணியோடு பேசக் கூடாது. பேசினேன். "கோச், பதினொண்ண கொஞ்ச நேரம் உக்கார வைங்க. களைச்சுப் போயிருக்கான்."

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பதினேழு பாயிண்ட், ஏழு ரீபவுண்ட், ஒரு பந்தைக்கூடப் பறிகொடுக்கல. இவனா களைச்சுப் போயிட்டான்? நீ எழுதினதை நீயே படிச்சுப் பாரு! அக்கா பாசத்தை வீட்ல வெச்சுக்க, ஹபீப்தி, என் கண்ணு."

நான் ஒன்று விடாமல் சரியாகச் சொன்ன கணக்கே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. 'காலையில் விழுந்தான்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அம்மா உயிர் என்ற நினைப்பு வந்ததும் முழுங்கிவிட்டேன்.

ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. வெஹ்பே தாளைத்தானே நம்புகிறார்? யார் பந்தைப் பறிகொடுத்தாலும் பதினொன்று என்று சொல்லிவிட்டால் அவரே கூப்பிட்டு உட்கார வைப்பார். எட்டாம் எண்காரன் பந்தைக் கோட்டுக்கு வெளியே விட்டான். வாயைத் திறந்தேன். "வெள்ளை எட்டு, பந்து இழப்பு" என்றுதான் வந்தது. பாழாய்ப்போன வாய், பத்து வருஷப் பழக்கம்.

அப்புறம்தான் கவனித்தேன். இடைவேளைக்குப் பிறகு அவன் பெயரில் ஒரு ரீபவுண்ட்கூட இல்லை. பந்து தலைக்கு மேலே போகிறது, அவன் குதிக்கவில்லை. யாரும் தடுக்காமல் எறியக் கிடைத்த ஃப்ரீ த்ரோ இரண்டும் வளையத்தின் முன்விளிம்பில் தட்டி வெளியே விழுந்தன. காலில் வலு போய்விட்டது என்று அர்த்தம்.

"நிஷான், இந்தப் பாதில பதினொண்ணுக்கு ரீபவுண்ட் எத்தனை?"

"சைபர். ஆனா பாயிண்ட் ஆறு போட்டிருக்கானே, விடு."

எல்லோரும் விழுந்த பந்தைப் பார்த்தார்கள். நான் அவன் குதிக்காத காலைப் பார்த்தேன். அவன் முழங்காலில் கை ஊன்றி நிற்கும்போதெல்லாம் அப்பாவின் மாடிப்படி கண்முன்னே வந்தது.

கடைசி சில விநாடிகள். நாங்கள் ஒரு பாயிண்ட் பின்னால். பந்து இயாத் கைக்கு வந்தது. அவன் தட்டிக்கொண்டு வந்தான், எங்கள் மேசைக்கு நேர் எதிரே நின்றான். உதடு நீலமாக இருந்தது. எட்டாம் எண்காரன் காதருகே கத்துகிறான், இவன் காதில் விழவில்லை. கண் எங்கேயோ இருந்தது.

அரங்கமே அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. சத்தியமாவது மண்ணாவது! அபூ ரோனியின் கை மேல் பாய்ந்து ஹார்னை அழுத்தினேன்.

நடுவர் விசிலடித்தார். அதற்குப் பிறகுதான் பந்து இயாதின் கையைவிட்டுக் கிளம்பியது. வளையத்தைத் தொடாமல் நேராகக் கூடைக்குள் விழுந்தது.

"அடிப்பாவி, என்ன பண்ணிட்ட!" அபூ ரோனி அலறினார். மேலேயிருந்து தண்ணீர் பாட்டில் பறந்து வந்து என் தோளில் விழுந்தது. இயாத் என்னைப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு மேசையை நோக்கி ஓரெட்டு வைத்தான், இன்னோர் எட்டு வைத்தான்.

"டாக்டர்! காலையில வீட்டுல விழுந்துட்டான்! எங்கப்பாவும் இப்படித்தான் போனாரு!" என்று அரங்கம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

டாக்டர் மேசை ஓரத்திலிருந்து எழுந்திருக்கவும், அவன் அவர் காலடியில் மடங்கி விழவும் சரியாக இருந்தது. சட்டையைக் கிழித்தார்கள். நெஞ்சில் மின்சாரம் வைத்தார்கள். அவன் உடம்பு தூக்கிப் போட்டது. நான் என் இடத்தைவிட்டு நகரவில்லை. கால் வரவில்லை, அவ்வளவுதான். நிஷான் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆர்மீனிய மொழியில் ஜெபம் சொன்னான். இரண்டாம் முறை வைத்தபோது இயாத் இருமினான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கண் விழித்தான். உடம்பெல்லாம் ஒயர். இனி அவன் ஆட முடியாது என்று டாக்டர் என்னிடம் சொல்லியாகிவிட்டது. அவனிடம் யார் சொல்வது என்று அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அந்தக் கடைசிப் பந்து," என்றான், குரலே எழும்பவில்லை. "விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"எழுதினியா?"

"இல்ல. விசில் முந்திடுச்சு. கணக்குல வராது."

"அப்ப தோத்துட்டோம்."

"ஒரு பாயிண்ட்ல."

"ஹார்ன அடிச்சது நீதானே?"

"நான்தான்."

முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டான். கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. சொல்லாமலே அவனுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"அதான் என் கடைசிக் கூடை. அதுக்காவது ஒரு பொய் எழுதக் கூடாதா, பிசாசே?"

"மாட்டேன்டா," என்றேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தலைமாட்டில் இருந்த கருவியில் பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.