எங்கள் வீட்டில் எழுதிய உரை

எங்கள் கீழக்கரைப் பக்கம் ஆண்கள் வெளியாள் முன்னால் பெண்டாட்டி பேரைச் சொல்ல மாட்டோம். ‘எங்க வீட்ல’ என்போம். எங்க வீட்ல கோபமா இருக்காங்க, எங்க வீட்ல ஊருக்குப் போயிருக்காங்க. துபாய்க்கு வந்து கராமாவில் ஃபேன்ஸி கடை போட்ட பிறகும் இந்தப் பழக்கம் என்னை விடவில்லை. ஒருமுறை ஃபிலிப்பினோ வாடிக்கையாளரிடம், ‘மை ஹவுஸ் நாட் ஃபீலிங் வெல்’ என்று சொல்ல, அந்தப் பெண் குழாய் ரிப்பேர்காரன் நம்பர் கொடுத்துவிட்டுப் போனாள்.

எங்கள் வீட்டில் இருப்பவள் ஷம்சியா. பயோகெமிஸ்ட்ரியில் எம்.எஸ்சி. விசாவில் ‘ஹவுஸ் வைஃப்’ என்று அடித்திருக்கிறார்கள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஹாலில் டியூஷன் எடுப்பாள். அவள் பாடம் சொல்லும்போது நான் அடுப்படியில் சும்மாவே நின்று கேட்பேன். ஒன்றும் புரியாது, ஆனாலும் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருக்கும்.

இரண்டாயிரத்து மூன்றில், டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டுபிடித்து ஐம்பது வருஷம் ஆனது. எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் அதைப் பற்றி ஓர் உரை வைக்கலாம் என்று செயலாளர் ஜெயசீலன் அண்ணன் கடைக்கு வந்து சொன்னார்.

“யாராவது நல்லா எழுதுறவங்க இருந்தா சொல்லுங்க மீராசா.”

“எங்க வீட்லயே எழுதிடுவாங்கண்ணே,” என்றேன் பெருமையாக.

ஷம்சியா எழுதினாள். ஒரு பிரதியை ஜெயசீலன் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். எழுதியதை உலாத்தியபடியே சொல்லிச் சொல்லி மனப்பாடமும் செய்துவிட்டாள். கல்லூரியை விட்ட பிறகு அவள் ஏறப்போகும் முதல் மேடை. இட்லிக்கு மாவு ஊற்றும்போதுகூட உதடு அசைந்துகொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தேன். கடையில் விற்கிற லேசர் கீசெயின் ஒன்று கேட்டாள். பால் பேனாவைக் கழற்றி உள்ளே இருந்த ஸ்பிரிங்கை எடுத்தாள். திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஸ்பிரிங் மேல் லேசரை அடித்தாள். எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளிகளாக ஒரு பெருக்கல் குறி விழுந்தது.

“சுருளா இருக்குற சாமான்ல ஒளி பட்டா இப்புடித்தான் விழும் மச்சான். ரோசலிண்ட் பிராங்க்ளின்னு ஒரு விஞ்ஞானி. அவங்களும் அவங்க மாணவரும் டி.என்.ஏ. இழையில எக்ஸ்ரே விட்டு எடுத்த படத்துல இதே மாதிரி குறி இருந்துச்சு. கூட வேலை பார்த்தவரு அவங்ககிட்ட சொல்லாமலே அதை இன்னொருத்தர்ட்ட காமிச்சுட்டாரு. அதைப் பார்த்தவருக்கு இது சுருள்தான்னு உறுதியாயிருச்சு. அப்புறம் மூணு ஆம்பளைங்களுக்கு நோபல் பரிசு.”

“இவங்களுக்கு?”

“அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே புத்துநோய்ல மவுத்தாயிட்டாங்க. முப்பத்தேழு வயசு.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இது பச்சைக் களவுல்ல?”

“களவுன்னுல்லாம் நான் மேடையில சொல்லப்போறதில்ல. அவங்க பேரைச் சொன்னா போதும்,” என்றாள்.

விழாவுக்கு முதல் நாள் நிகழ்ச்சி நிரல் வந்தது. ‘அறிவியல் உரை: டாக்டர் உடையப்பன். உதவி: மிஸஸ் மீராசா.’ நான் ஜெயசீலன் அண்ணனுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

“தப்பா நெனைக்காதீங்க மீராசா. நீங்க ‘எங்க வீட்ல’ன்னு சொன்னீங்க. உங்க வீட்டு லேடீஸ் மேடையேற மாட்டாங்கன்னு நானே நெனச்சுக்கிட்டேன். அவங்க பேரு கூட எனக்குத் தெரியாது. டாக்டர்ட்டயும் சொல்லியாச்சே!”

மனுஷன் மரியாதையாக நடப்பதாக நினைத்துத்தான் செய்திருக்கிறார். அவரை என்ன சொல்வது? ஷம்சியா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள்.

“போகவே வேணாம் புள்ள,” என்றேன்.

“போவோம். டாக்டர் படிக்கட்டும். ஸ்பிரிங்கை நான் பிடிச்சுக்கிறேன்.”

டாக்டர் உடையப்பன் நல்ல மனிதர், குரலும் கணீரென்று இருந்தது. ஷம்சியாவின் வாக்கியங்களை அவர் படிக்கப் படிக்க நான் நிகழ்ச்சி நிரலை மடித்துக்கொண்டே இருந்தேன். படத்தின் கட்டம் வந்ததும் செய்முறைக்காக ஹாலில் விளக்கை அணைத்தார்கள். திரையில் சிவப்புக் குறி விழுந்தது. பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டரின் குரலைக் காணோம். விளக்கை அணைத்தால் காகிதம் தெரியாது என்பதை, பெரிய பெரிய இன்ஜினியர்கள் இருக்கிற எங்கள் சங்கத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை.

“இந்தப் படத்தை எடுத்தவர் ரோசலிண்ட் பிராங்க்ளின்,” என்றது ஒரு குரல்.

என் ஷம்சியா. மைக் இல்லை, ஆனாலும் கடைசி வரிசை வரை கேட்டது. சுருளைப் பற்றிச் சொன்னாள், கேட்காமல் காட்டப்பட்ட படத்தைப் பற்றிச் சொன்னாள். விளக்கைப் போட்டதும் தயங்கி நிறுத்தினாள். டாக்டர் காகிதத்தை மடித்துவிட்டு மைக்கை அவள் பக்கம் திருப்பினார். “எழுதுனது நீங்கதான்னு இப்பத்தான் தெரியுது. நீங்களே சொல்லுங்கம்மா.”

சொன்னாள். ரோசலிண்ட் பேரை எத்தனை தடவை சொன்னாளோ! அந்த அம்மாவைத் தன் கூடப்பிறந்த ராத்தா போலச் சொன்னாள். ஹாலே கை தட்டியது. அவளும் ஸ்பிரிங்கைக் கையில் வைத்தபடியே இறங்கிவிட்டாள், தன் பேரைச் சொல்லாமலே.

ஜெயசீலன் அண்ணன் மைக்கைப் பிடித்தார். “அருமையா பேசின மிஸஸ் மீராசாவுக்கு...”

நான் எழுந்து நின்றேன். சுற்றிலும் எங்கள் ஊர்க்காரர்கள். முன்வரிசையில் என் மாமனாரின் கூட்டாளி கௌஸ் முகைதீன் காக்கா வேறு. பிள்ளைக்குப் பேர் வைக்கிற நாளில்கூட அவ்வளவு பயந்ததில்லை.

“அண்ணே, அவ பேரு ஷம்சியா,” என்றேன். கேட்டதோ இல்லையோ என்று இன்னும் ஒரு தடவை சத்தமாகச் சொன்னேன். “ஷம்சியா!”

யாரோ சிரித்தார்கள். கௌஸ் முகைதீன் காக்கா திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். ஷம்சியா நடந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கல்யாணமான புதிதில் இருந்த அதே வெட்கத்தோடு, இத்தனை பேருக்கு நடுவில், என்னை ஏறிட்டுப் பார்த்து, “என்ன மச்சான்?” என்றாள்.