பெட்டி முன் ஏழு தட்டு

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இரும்புப் படிகளில் இறங்கினாள் அவள். பதினெட்டுப் படி. ஓடினால் சத்தம் அரங்கத்துக்குக் கேட்கும். நடந்தால் மேலே ஒருவனுடைய இடுப்பு உடையும். பாதி ஓட்டமும் பாதி நடையுமாக இறங்கி, மேடைக்கு அடியில் இருக்கும் அறைக் கதவைத் தள்ளினாள்.

உள்தாழ்.

தாழ் போட்டு வைக்கச் சொன்னதே அவள்தான். 'நாடகம் நடக்கும்போது கதவு உள்ளே பூட்டியிருக்க வேண்டும்' என்று கதவில் ஒட்டியிருந்த தாளில் அவள் கையெழுத்தே பல்லை இளித்தது. உள்ளே இருப்பவரைப் பாதாளம் அண்ணன் என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். கதவை இரண்டு கையாலும் அடித்தாள். மேலே மேளமும் எக்காளமும் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தன. யானை வந்து முட்டினாலும் கேட்டிருக்காது.

பாட்டு முடிய இன்னும் ஒரு நிமிடம் பத்து விநாடி. கடிகாரம் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக மேடை நிர்வாகி. குழுவில் அவள் பெயரே ஸ்டாப்வாட்ச்.

'பெட்டிக்குள் மாப்பிள்ளை' பாட்டும் சிரிப்புமாக ஓடும் நாடகம். இன்று பிற்பகல் நாலாவது முறையாக மறுபடி மேடை ஏறியிருக்கிறது. அதன் உயிரே நடு மேடையில் இருக்கும் மரப்பெட்டி. அதற்கு அடிப்பலகை கிடையாது. கீழே மேடையில் சதுரமாக ஓட்டை. கதாநாயகி பெட்டியின் மூடி மேல் ஏறி ஆடிப் பாடுவாள். அவள் கனத்துக்கு மூடி உடையாமல் இருக்க, கீழேயிருந்து கைத் தடிமனில் ஓர் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்திருப்பார்கள். பாட்டு முடிந்ததும் அவள் கீழே குதித்து மூடியைத் திறப்பாள். அவள் அப்பா வரும் சத்தம் கேட்டுப் பயந்த மாப்பிள்ளை, முதுகுப்புறமாக உள்ளே விழுந்து மறைவான். அதற்குள் பாதாளம் அண்ணன் முட்டுக் குழாயை உருவிவிட்டு மெத்தை வண்டியைத் தள்ளியிருக்க வேண்டும். ஏழு விநாடி வேலை.

அந்த ஏழு விநாடியும் நாடகத்திலேயே இருந்தது. மூடியைத் திறக்கும் முன் கதாநாயகி பொறுமை இழந்தவள் மாதிரி குதிகாலால் பலகையில் ஏழு தட்டுத் தட்டுவாள். மேளம் மௌனமாகிவிடும். டக், டக், டக். அரங்கமே சிரிக்கும். கீழே இருப்பவருக்கு அதுதான் உத்தரவு. முதல் தட்டுக்கு குழாயைப் பிடி, ஏழாவது தட்டுக்குள் மெத்தையைத் தள்ளு.

அந்த ஏழு தட்டை இன்று மதியம் எடுத்துவிட்டார் இயக்குநர்.

அதைக் கதாநாயகிதான் மேடைக்குப் போகிற போக்கில், தலையில் பூத்தொப்பியைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "அக்கா, இன்னிக்குத் தட்டு கிடையாது. ஏழு செகண்ட் சும்மா நின்னா எல்லாரும் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பிச்சிடுவாங்களாம். நேரா மூடி, மேளம், குதின்னுட்டார்." சொல்லிவிட்டு வெளிச்சத்துக்குள் போய்விட்டாள்.

இயக்குநர் கெட்டவர் இல்லை. மேடையில் நின்றவர்களிடம் சொன்னார், மேளக்காரரிடம் சொன்னார், எக்காளக்காரரிடமும் சொன்னார். மேடைக்குக் கீழேயும் ஒரு மனுஷன் இருக்கிறான் என்பது அவருக்கு ஞாபகமே வரவில்லை. அந்த நேரத்தில் ஸ்டாப்வாட்ச், சிறப்பு விருந்தினருக்கு முதல் வரிசையில் எந்த நாற்காலி என்று வாசலில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கீழே பேசுகிற காதொலிக் கருவி காலையிலிருந்து செத்துக் கிடந்தது. 'பரவாயில்லை, ஏழு தட்டு இருக்கே' என்று விட்டுவிட்டாள். கைபேசி அந்த அறையில் எடுக்காது.

மறுபடி கதவை அடித்தாள். இதே கதவுக்குப் பின்னால்தான் அவள் அப்பா நின்றிருந்தார், நாடகம் முதல் முதலாக ஓடிய இருநூற்றுப் பன்னிரண்டு நாளும். அவள் அப்போது பிறக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த அப்பா கண்டிப்பானவர். மார்க் ஷீட்டில் கையெழுத்துக்காகப் பின்னால் போய் நின்று எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். "பேசறதுன்னா முகத்தைப் பார்த்துப் பேசு" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்கே வீடு நடுங்கும். ஆறு வருடம் முன்பு போய்ச் சேர்ந்தார்.

ஐம்பத்தைந்து விநாடி. படியேறினாள்.

பக்கத் திரை ஓரத்தில் அவள் மேஜை மேல் நாடகப் பிரதி திறந்து கிடந்தது. நாலு தலைமுறை பென்சில் குறிப்பு. முதல் நாடகத்தின் நீலப் பென்சிலில் 'ஏழு தட்டு' என்று மட்டும். பன்னிரண்டு வருடம் கழித்து நடந்த மறுமேடையேற்றத்தின் சிவப்பில்: 'இன்று இரண்டோடு நிறுத்தினோம். மாப்பிள்ளைக்கு இடது கால் போச்சு. இனி ஏழு.' பத்திரிகைக்கு அவர் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார்கள். இரண்டாம் முறை கதாநாயகியாக நடித்தது சினிமா நட்சத்திரம்; வெள்ளிச் செருப்பு போட்டுத் தட்டினாள். காத்திருக்கும் பெண்ணின் ஏழு பருவங்கள் என்று ஒரு விமர்சகர் அரைப் பக்கம் எழுதினார். மூன்றாம் முறையில் அரங்கமே கூடச் சேர்ந்து தட்டியது.

இத்தனைக்கும் மூலம் சித்திதான். அம்மாவின் தங்கை, முதல் கதாநாயகி. முதல் நாள் வசனம் மறந்துபோய், பதற்றத்தில் கால் தட்டியதாக எல்லாப் பேட்டியிலும் சித்தியே சொல்லியிருக்கிறாள். 'மறதி ராணி' என்று பட்டம் கொடுத்தார்கள். அந்தப் பட்டத்தோடு அடுத்த வாய்ப்பும் போயிற்று. இன்று சிறப்பு விருந்தினராக முதல் வரிசையில், கைத்தடியை முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பன்னிரண்டு விநாடி.

திரையை இறக்கலாம். மோட்டார் கிழவி மாதிரி. இருபது விநாடி எடுக்கும். மாப்பிள்ளை நடிகருக்குக் கையைக் காட்டினாள். அவர் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார். கதாநாயகி கண்ணில் விளக்கு வெளிச்சம். ஓரத்து இருட்டில் யார் என்ன செய்தாலும் தெரியாது.

கடைசி வரி முடிந்தது. கதாநாயகி பெட்டியிலிருந்து குதித்தாள். மேளக்காரர் குச்சியை ஓங்கினார்.

மேடை நிர்வாகியின் முதல் விதி, நாடகம் நடக்கும்போது மேடையில் கால் வைக்கக் கூடாது. செத்தாலும் ஓரத்தில்தான் சாக வேண்டும். அவள் கறுப்பு உடையும் கலைந்த தலையும் கையில் செருப்புமாக, எண்ணூறு பேருக்கு முன்னால் வெளிச்சத்துக்குள் நடந்தாள்.

கதாநாயகியின் கை மூடியைத் தொடும்போது, அதன் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். மேளக்காரர் குச்சி அந்தரத்தில் நின்றது. மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். செருப்பைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த பயம் நடிப்பு இல்லை. ஓரடி பின்வாங்கினார். யாரோ பின்வரிசையில், "மாமியார் வந்துட்டாங்கடா" என்றார்கள். சிரிப்பு வெடித்தது.

அவள் குனிந்து செருப்பால் பலகையில் அடித்தாள். ஒன்று. சிரிப்பில் அது அமுங்கிப்போனது. கீழே கேட்டிருக்குமா? இரண்டாவதை ஓங்கி அடித்தாள். மூன்று. நாலு. உள்ளங்கைக்கு அடியில் மூடி லேசாக அதிர்ந்தது. கீழே இரும்பு உரசுகிற சத்தம். ஐந்து. ஆறு. வண்டிச் சக்கரம் உருளுகிறதா, தன் நெஞ்சு உருளுகிறதா என்று தெரியவில்லை. ஏழு.

கையை எடுத்தாள். மூடி திறந்தது. மேளம் விழுந்தது. மாப்பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டு முதுகுப்புறமாகச் சரிந்தார்.

பொத்தென்று மெத்தைச் சத்தம்.

எண்ணூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். முதல் வரிசையில் ஒரே ஓர் ஆள் மட்டும் எழவில்லை. சித்தி இரண்டு கையாலும் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு, மேடையைப் பார்க்காமல் மேடைக்குக் கீழே இருக்கும் பலகைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் இயக்குநர் சிவந்த முகத்தோடு ஓடி வந்தார். பாதி வழியில் பாதாளம் அண்ணன் அவரைப் பிடித்து அந்த இரும்புக் குழாயைக் காட்டினார். இயக்குநர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு ஸ்டாப்வாட்ச்சிடம் வந்து, நாளையிலிருந்து ஏழு தட்டு உண்டு என்று சொல்லி, செருப்பையும் வைத்துக்கொள்ளலாமா என்று சன்னமாகக் கேட்டார். அவள் பிரதி வைத்திருந்த மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கைத்தடி சத்தம் கேட்டது. சித்தி பக்கவாட்டுக் கதவு வழியாக வந்திருந்தாள். மற்றவர்களைக் கண்ணாலேயே அனுப்பிவிட்டு, எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நீ வசனத்தை மறந்தியே, அதுக்குக் கோயில் கட்டணும் சித்தி. இன்னிக்கு ஒருத்தன் பொழைச்சான்" என்றாள் இவள், குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே.

"நான் என்னிக்கும் வசனத்தை மறந்ததில்லடி."

நிமிர்ந்தாள்.

"அம்பது வருஷமா பேட்டியில சொன்னதெல்லாம்?"

"பொய். உங்கம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தேன். போன மாசத்தோட அவளும் போயிட்டா. இனிமே யாருக்குக் காப்பாத்தணும்?" சித்தி பிரதியைத் தன் பக்கம் திருப்பி, நீலப் பென்சில் எழுத்தைக் கட்டை விரலால் தடவினாள். "பாட்டு முடிஞ்சா மேளம் சொல்லிடும், கீழ இருக்கறவன் முட்டுக் குழாயை எடுத்துடுவான். முதல்ல அப்படித்தான் வச்சிருந்தாங்க. தட்டு கிட்டு எதுவும் கிடையாது. ஒத்திகையில ரெண்டு தடவை முட்டு அப்படியே நின்னுது. மூணாவது தடவை நின்னா ஆளை மாத்திடுவேன்னார் முதலாளி. அப்ப உங்கம்மாவுக்குக் கல்யாணம் ஆகி மூணு மாசம்."

"அப்பா வேலையில தூங்கினாரா?"

"தூங்கலைடி. மேல பலகையில உள்ளங்கையை விரிச்சு வச்சுக்கிட்டு நிப்பார். நான் தட்டறது அந்தக் கைக்குத்தான். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் வந்த ஜுரத்துலயே உங்கப்பாவுக்கு ரெண்டு காதும் போயிடுச்சு."